மெலியும் அதிர்வும் குலையும் சமச்சீரும்

ஸ்ட்ரொன்சியம் தைத்தனேற்று என்னும் உலோக ஒட்சைட்டு, அறை வெப்பநிலையிற் சதுரமுகிச் சமச்சீருடைய பளிங்காகும். அதனைக் குளிர்விப்போமாயின் ஏறத்தாழ 105 கெல்வினில் அச்சமச்சீர் குலைகின்றது. தைத்தேனிய அணுவொன்றைச் சூழ்ந்த ஆறு ஒட்சிசன்கள் ஆக்கும் எண்முகி, ஓர் அச்சைப் பற்றிச் சிறிது திரும்புகின்றது. அயல் எண்முகி எதிர்த்திசையில் திரும்புகின்றது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் இத்திருப்பம் சுமார் 2 பாகையே. எனினும் சமனாயிருந்த மூன்று அச்சுக்களுள் ஒன்று வேறுபட்டுவிடுகின்றது; முதன்மைக் கலத்தின் கனவளவும் இருமடங்காகின்றது.

இதன் காரணத்தைச் சாலக அதிர்விலேயே தேடல் வேண்டும். பெரோமின் பளிங்குகளுக்கெனக் கொக்ரனும் அண்டர்சனும் 1960ஐ அண்டி வகுத்த கருத்து இங்கும் பொருந்துகின்றது. பெரும்பாலான அதிர்வுகளின் மீடிறன் வெப்பநிலையோடு அதிகம் மாறுவதில்லை. எண்முகிகளின் திருப்ப அதிர்வோ குளிருந்தோறும் மெலிகின்றது. மீட்கும் விசை அற்றுப்போமிடத்து அவ்வதிர்வே உறைந்து நிலையான பெயர்ச்சியாகின்றது. 1960களின் இறுதியில் இராமன் சிதறலும் நியூத்திரன் சிதறலும் இம்மெலிவை நேரிற் காட்டின.

ஆனால் 1940இலேயே, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் நெடுங்காடியும், குவாட்சு தன் அவத்தை மாற்றத்தை அணுகுகையில் அதிர்வொன்று இவ்வாறு தாழ்வதைக் கண்டிருந்தனர். மென்னதிர்வுக் கொள்கையின் வரலாற்றை 1960இல் தொடங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து.

கொள்கையும் முழுமையானதன்று. மாற்ற வெப்பநிலைக்கு மிக அண்மையில் மீடிறன் பூச்சியத்தை எட்டாது நின்றுவிட, சக்திமாற்றம் அற்ற ஒடுங்கிய நடு உச்சமொன்று எழுவதை 1971இல் நோர்வேயில் ரிஸ்டேயும் துணைவரும் நியூத்திரன் சிதறலாற் கண்டனர். பளிங்கின் குறைபாடுகளுக்கு அதிற் பங்குண்டு. மாசற்ற பளிங்கிலும் அது தோன்றுமா என்பதே நெடுங்கால வாதமாயிற்று.