வண்டி ஓட்டப் பயமா? நல்லதுதான்!

கோட்டாறு சந்தையில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் சிறு வணிகரின் வண்டியில் அவரது முதல் முழுவதும் இருக்கிறது. அந்த வண்டியை மகனிடம் கொடுக்கும்போது மனம் பதறுவது இயல்பே.

"பையப் போ மக்கா" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நடுங்கும். அதைக் கேலி செய்யாதீர்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் பயமே எச்சரிக்கையாக மாறிவிடும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்கைத் தொடுமுன்பே அவ்வளவு தூரம் போய்விடுகிறது! ஆகவே முன்னே செல்லும் வண்டிக்குப் பின்னால் மூன்று விநாடி இடைவெளியாவது வேண்டும்; மழையில் அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். தார்ப்பாயை இறுகக் கட்டி, வேகத்தைக் குறைத்துச் செல்லப் பழக்குங்கள்.

முதலில் காலி வண்டி, பிறகு பாதிப் பாரம், அதன்பின் முழுப் பாரம் என்று படிப்படியாகப் பழகட்டும். பக்கத்தில் அமர்ந்து "பிடி, பிடி" என்று கத்தினால் பதற்றம்தான் கூடும். ஓட்டும்போது போன் செய்து அவசரப்படுத்தவும் வேண்டாம்.

18 வயது நிரம்பாதவரிடம் சாவியே கூடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கடை அரைமணி தாமதமாகத் திறக்கட்டும். பிள்ளை பத்திரமாக வந்து சேரட்டும்.