வினாகிரிக்கும் உறை வேண்டும்

2010 ஆம் ஆண்டு முகாமிலிருந்து பளைக்குத் திரும்பியபோது எனக்குக் கணவரும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. வளவில் சில தென்னைகள் மட்டும் தப்பி நின்றன. அயலில் தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் நிலத்தில் ஓடி வீணாவதைப் பார்த்துத்தான் வினாகிரி போடும் எண்ணம் வந்தது.

கடையில் ஒரு போத்தல் வினாகிரி வாங்கி, புளித்த தேங்காய்த் தண்ணீரில் உறையாக ஊற்றினேன். ஒரு மாதம் காத்திருந்ததற்குப் பூஞ்சணம்தான் மிச்சம். அயல்வீட்டு அம்மா போத்தலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது செயற்கை வினாகிரி. இதிலை உயிர் இல்லை. உறைமோர் விடாமல் தயிர் வருமோ?" என்றார்.

அவர் சொன்னது சரி. கள்ளில் உள்ள மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றுபவை காற்றில் வாழும் நுண்ணுயிர்கள். செயற்கை வினாகிரி அமிலத்தில் தண்ணீர் கலந்தது. இயற்கை வினாகிரியையும் பெரும்பாலும் சூடாக்கியே அடைக்கிறார்கள். அவற்றில் உறை கிடைக்காது. கள்ளில் கிடைக்கும்.

ஆனால் தனித்து வாழும் பெண் கள்ளு வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? இரண்டு வாரம் தயங்கினேன். பிறகு ஒருநாள் காலை, பலர் பார்க்கவே சீவல் தொழிலாளி ஒருவரிடம் கேட்டேன். "வினாகிரிக்கோ தங்கச்சி? அப்ப சுண்ணாம்பு போடாத முட்டியிலை தாறன்" என்றார். சுண்ணாம்பு போட்டால் கள்ளுப் புளிக்காது.

உறை எடுக்கும் முறை: ஒரு போத்தல் கள்ளை வடித்து, பாதி வெறுமையாக இருக்கும்படி கண்ணாடிச் சாடியில் ஊற்றுங்கள். மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். மூடியால் இறுக்கவேண்டாம், காற்றுப் படவேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. சுமார் ஒரு மாதத்தில் கடும் புளிப்பு வரும். மேலே வழுவழுப்பான ஆடை படர்ந்தால் நல்லது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் கொட்டிவிடுங்கள்.

வினாகிரி போடும் முறை: ஒரு லீற்றர் தேங்காய்த் தண்ணீரில் 100 கிராம் சீனி கரைத்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் இட்டு ஒரு வாரம் புளிக்க விடுங்கள். தெளிவை வடித்து, 200 மில்லிலீற்றர் உறையும் ஆடையும் சேர்த்துத் துணி கட்டி ஒரு மாதம் வையுங்கள். அடுத்த முறைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்க மறவாதீர்கள். விற்பதானால் 4 சதவீத அமிலமாவது இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள்.

ஒருமுறை பிள்ளையோடு பல வாரம் ஆஸ்பத்திரியில் நின்றேன். திரும்பி வந்தபோது சாடி உடைந்து உறை காய்ந்து கிடந்தது. முன்பு நான் உறை கொடுத்த சகோதரி ஒருத்தி, அதே உறையில் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தாள். அன்றிலிருந்து கேட்டு வருபவர்களுக்கு இல்லையென்று சொல்வதில்லை. நீங்களும் கேட்க வெட்கப்படாதீர்கள், சகோதரிகளே.