மாட்டுக்கு விருந்தாளி, ஆட்டுக்கு எமன்

சமையற்கட்டில் மிக்ஸி ஓடுகிறது, கிரைண்டர் ஓடவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் பழுதில்லை. கரண்டும் வருகிறது. போர்டிலிருந்து புறப்படும் ஒயர் முதலில் மிக்ஸி பிளக்குக்குப் போய், அங்கிருந்து பரண் ஓரமாகக் கிரைண்டருக்குப் போகிறது. அந்தப் பரண் ஓரத்தில்தான் எலி கடித்திருக்கிறது.

வெள்ளாட்டின் தண்டுவடத்தில் புழு செய்வதும் இதைத்தான். மூளை போர்டு, தண்டுவடம் ஒயர். முன்னங்கால்களுக்கான நரம்புகள் கழுத்தடியிலேயே பிரிந்துவிடுகின்றன. அதற்கப்பால் முதுகிலோ இடுப்பிலோ சேதம் நேர்ந்தால் ஆடு தழை தின்னும், கத்தும், முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும். பின்பக்கம் மட்டும் வராது. பெரும்பாலும் காய்ச்சல்கூட இருக்காது. ஒயரில் சில இழைகள் மட்டும் அறுந்தால் கிரைண்டர் விட்டுவிட்டுச் சுற்றும் அல்லவா? அதுபோல, காயம் சிறிதானால் தள்ளாட்டத்தோடு நிற்கும்.

எலிக்கு ஒயர் தீனி அல்ல. இந்தப் புழுவுக்கும் ஆடு வீடல்ல. செட்டேரியா டிஜிடேட்டா என்னும் இந்த வெள்ளை நூற்புழு, மாட்டின் வயிற்றறையில், குடலுக்கு வெளியே வாழ்வது. மாடு அதைச் சட்டை செய்வதே இல்லை. புழுவின் குஞ்சுகள் மாட்டு ரத்தத்தில் மிதக்கும், கொசு உறிஞ்சும், கொசுவுக்குள் சுமார் 2 வாரத்தில் தொற்றும் பருவத்தை அடையும். அந்தக் கொசு பக்கத்தில் கட்டியிருக்கும் ஆட்டைக் கடித்தால்தான் வினை. உரிய இடம் கிடைக்காமல் அலையும் இளம்புழு மூளையிலோ தண்டுவடத்திலோ புகுந்துவிடும். குதிரையானால் சில சமயம் கண்ணுக்குள் போய்விடும். அது நெளிவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

குதிரைகளின் இடுப்பு விழும் இந்நோய்க்கு 'கும்ரி' என்று பழைய பெயர். இலங்கைக் குதிரைகளை ஆராய்ந்த இன்ஸ், பிள்ளை இருவரும் 1955இல் ஒரு பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில், கும்ரி என்பது புழுவால் வரும் தண்டுவட நோயே என்று எழுதினார்கள். பூனைக்கும் ஒரு புழு உண்டு. சிலி நாட்டில் 1933இல் விவரிக்கப்பட்ட குர்ல்டியா பாராலிசன்ஸ், தண்டுவடத்தைச் சுற்றிய ரத்தநாளங்களில் தங்கிப் பின்னங்கால்களை முடக்குகிறது. ஆனால் அது வழிதவறி வந்ததல்ல, பூனைக் குடும்பமே அதன் வீடு.

ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தால் பொதுவாகப் புழுக்குஞ்சு தென்படாது. வழிதவறிய புழு அங்கே குட்டி போடுவதில்லையே. டாக்டர் அறிகுறிகளை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். டையெத்தில்கார்பமசின், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் எலியைக் கொல்லும். அறுந்த ஒயரை ஒட்டவைக்காது. இடுப்பு முழுதும் விழுந்தபின் ஊசி போட்டு, "மருந்து வேலை செய்யலை" என்று டாக்டரைக் குறைசொல்வது நியாயமில்லை.

கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிப் பக்கம் மாடும் ஆடும் ஒரே கொட்டகையில் நிற்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாணிக்குழியோரம் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அந்தியில் ஆட்டைத் தள்ளிக் கட்டுங்கள், அல்லது கொசுவலை போடுங்கள். நடை தள்ளாடும் முதல் நாளே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் பார்க்கும்வரை ஆட்டின் வாய்க்குள் கைவிட வேண்டாம்: வெறிநோயிலும் பின்னங்கால் இப்படி விழும்.