பெட்டியைக் கழற்றும் முன்...

கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் ஈரோட்டுப் பக்கம் யாரும் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்ட அனுப்புவதில்லை. மூன்று பேஸும் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்த்த பிறகே மோட்டார் மேல் கை வைப்பார்கள். அதே தோட்டத்தில் நிற்கும் கார் கிளம்பாமல் போனால் மட்டும் இந்த நிதானம் தவறிவிடுகிறது. ஸ்கேனரை மாட்டுகிறார்கள், தொடர்பு கிடைக்கவில்லை, “ஈசிஎம் போயிருச்சுங்க” என்று முடிவாகிவிடுகிறது. இன்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள் போக வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற கணினிப் பெட்டிதான் ஈசிஎம். விலை பல ஆயிரம் ரூபாய். அதன் மேல் பழி போடுவது சோதனையின் கடைசிப் படியாக இருக்க வேண்டும். அதையே முதல் படியாக்கினால் கார்க்காரருக்குப் பண நட்டம், மெக்கானிக்குக் கெட்ட பெயர்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. அது மூடி முத்திரையிட்ட பொருள். உள்ளே தேயவோ உரசவோ எதுவும் இல்லை. அதற்குப் போகும் வயர்கள் அப்படியல்ல. அவை இன்ஜின் சூட்டில் வேகின்றன, அதிர்வில் ஆடுகின்றன, மழைநீரில் நனைகின்றன. கப்ளரின் பின்களில் பச்சை பூக்கிறது, பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருப்பிடிக்கிறது, களத்தோரம் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கிறது. ஸ்கேனர் காட்டும் ஃபால்ட் கோடும் உதிரிபாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, சந்தேகப்பட வேண்டிய சுற்றைத்தான் சொல்கிறது. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்று பொருள். சென்சார், வயர், கப்ளர், ஈசிஎம் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பெட்டி தன்னைத்தானே குறை சொல்லும் பி0606 கூட, பெட்டிக்குப் போகும் மின்சாரம் சரியில்லாததால் வரக்கூடும்.

சோதனைக்குத் தேவை ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், கொஞ்சம் பொறுமை. முதலில் பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை மட்டும் நம்பினால் இங்கே ஏமாறலாம். வயர் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் லேம்பை வைத்தால் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. அடுத்தது எர்த். செல்ப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் பெட்டியின் எர்த் பின்னுக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும்; அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் கோளாறு எர்த்தில் இருக்கிறது. பிறகு சென்சார்களுக்குப் பெட்டி அனுப்பும் 5 வோல்ட். அது வரவில்லை என்றவுடன் பெட்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அந்த 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று ஷார்ட் ஆனால் மொத்தமும் படுத்துவிடும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால், ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வரும். குற்றவாளி அந்தச் சென்சார்தான். எல்லாவற்றையும் கழற்றி, வயரையும் பிரித்துப் பார்த்த பின்பும் வரவில்லையென்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிப்பது நியாயம்.

‘ஈசிஎம் போகவே போகாதா?’ என்று கேட்கலாம். போகும். தண்ணீர் புகுந்தால், பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிப் பூட்டினால், பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால் போகும். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்கும் உள்பாகத்தைக் கருக்குவதும் உண்டு. ஆனால் காயிலைக் கவனிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றினால் புதுப் பெட்டியும் கருகும். ஆகவே பெட்டி உண்மையிலேயே போயிருந்தாலும் சோதனையிலிருந்து தப்ப முடியாது. ‘வேறு காரின் பெட்டியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்பது அடுத்த வாதம். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். அடையாளம் பொருந்தாவிட்டால் நல்ல பெட்டியைப் போட்டாலும் இன்ஜின் கிளம்பாது, குழப்பம்தான் இரட்டிப்பாகும்.

‘சின்ன ஒர்க்‌ஷாப்காரர் வயரிங் வரைபடத்துக்கு எங்கே போவார்?’ என்பதுதான் வலுவான மறுப்பு. அது நியாயமான குறை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததே குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு வண்டியில் சென்சார்கள் இன்னும் பெருகிவிட்டன. வரைபடமின்றி வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல. அந்த உரிமையை மெக்கானிக்குகளின் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும். ஆனாலும் மின்சாரம், எர்த், 5 வோல்ட் ஆகிய மூன்றுக்கும் எல்லா வண்டியிலும் அடிப்படை ஒன்றுதான். எந்தப் பின் எது என்று தெரிந்தால் போதும்.

இதில் கார்க்காரருக்கும் பங்கு உண்டு. பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், இரண்டு மணி நேரம் வயரைத் தேடியவருக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில் பொருளை மாற்றுவதுதான் பிழைப்பாகும். சோதனைக் கூலியை மனமாரக் கொடுங்கள். கூடவே, பெட்டியை மாற்றச் சொன்னால் அந்த மூன்று அளவுகளையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அளந்து பார்த்தவருக்கு அதை எழுதித் தர ஒரு நிமிடம்கூட ஆகாது.