காரின் இண்டிகேட்டரும் எல்.இ.டி. பல்பும்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைகளுக்குள் நுழைந்து, இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. பல்பு வேண்டுமென்று கேட்பவருக்கு முதலில் எடுத்துக் காட்டப்படுவது அதன் பிரகாசமே. கடைக்காரர் ஒரு பேட்டரியில் அதைத் தொட்டுக் காட்டுகிறார். கண் கூசிப்போன வாடிக்கையாளர், அந்தக் கூச்சத்தையே தரத்துக்குப் பிரமாணமாகக் கொண்டு பணத்தை எண்ணி வைக்கிறார். ஆனால் பல்பைக் கையில் பிடித்துப் பார்க்கையில் தெரியும் ஒளிக்கும், அதே பல்பு விளக்குக் கூட்டுக்குள் அமர்ந்தபின் பின்னால் வருகிற வண்டிக்காரருக்குத் தெரியும் ஒளிக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் தூரத்துச் சம்பந்தம்.

பல காலமாகக் கார்களின் இண்டிகேட்டரில் இருந்துவரும் 21 வாட் பல்பு, பார்வைக்கு மிகச் சாதாரணமான வஸ்து. ஆயினும் அதற்குரிய சர்வதேச நிர்ணயம், அடித்தளத்திலிருந்து 31.8 மில்லிமீட்டர் உயரத்தில் டங்ஸ்டன் இழை நிற்கவேண்டும் என்று மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டுச் சொல்கிறது. ஏனெனில் அதன் பின்னே வளைந்திருக்கும் ரிஃப்ளெக்டர், அந்த ஓர் இடத்தில் பிறந்து நாற்புறமும் பரவும் கிரணங்களை வாங்கி, வேண்டிய திசைகளுக்கு மட்டும் அனுப்பும்படி வடிக்கப்பட்டது. பெட்டியின் மேல் அச்சிடப்படும் லூமென் என்பது பல்பு கக்கும் மொத்த ஒளி. சாலையில் பிரயோஜனப்படுவதோ ஒரு குறிப்பிட்ட திசையில் செல்லும் ஒளி, அதாவது கேண்டெலா. நேர் எதிரே பார்க்கையில் முன்புற இண்டிகேட்டருக்கு 175 கேண்டெலாவும் பின்புறத்ததற்கு 50 கேண்டெலாவும் குறைந்தபட்சமாக இருக்கவேண்டுமென்று ஐரோப்பிய விதி கேட்கிறதே தவிர, லூமென் எத்தனை என்று அது கேட்பதில்லை. தலைப்பாகத்தில் மட்டும் எல்.இ.டி. சில்லுகளைப் பதித்த பல்பு முன்னே பளீரென்று அடித்துவிட்டு, ரிஃப்ளெக்டரை இருளில் விட்டுவிடும். பக்கத்துச் சந்திலிருந்து வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது எரிவதே தெரியாது. ஆகவே பழைய இழை இருந்த உயரத்தில், சுற்றிலும் சில்லுகள் அமைந்த பல்பையே நாட வேண்டும்.

வர்ணத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இழை பல்பு வானவில்லின் எல்லா நிறங்களையும் கலந்து தருவதால், மஞ்சளல்லாதவற்றை வடிகட்டித் தள்ளித்தான் அதிலிருந்து மஞ்சளைப் பெற முடியும். நிறமற்ற கண்ணாடியுள்ள 21 வாட் பல்பு 460 லூமென் தர, அதே வாட்டில் மஞ்சள் பூச்சுப் பூசிய பல்பு 280 லூமென்தான் தருகிறது என்பதிலிருந்து, வடிகட்டலில் எவ்வளவு வியர்த்தமாகிறது என்பது விளங்கும். எல்.இ.டி.யோ, தன் படிகத்தின் தன்மைக்கேற்ற ஒரே நிறத்தைப் பிறவியிலேயே கொண்டு வருகிறது. 1962-இல் நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை ஒளிரச் செய்தார். அவருடைய மாணவரான ஜார்ஜ் கிராஃபோர்டு 1972-இல் மஞ்சளை உண்டாக்கினார். அந்த வம்சத்தில் வந்த இன்றைய மஞ்சள் சில்லு, சுமார் 590 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது இண்டிகேட்டருக்கு வேண்டிய நிறத்திலேயே ஒளிர்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பதோ நீலச் சில்லின் மேல் பாஸ்பர் பூசியது; அதை மஞ்சள் மூடிக்குப் பின்னே வைத்தால் நீலப் பங்கு முழுவதும் மூடியிலேயே மடிந்துபோகும். மூடி மஞ்சளாயினும் நிறமற்றதாயினும் மஞ்சள் எல்.இ.டி.யே உத்தமம். பழைய பல்புகளில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் அடிப்பாகத்து முளைகள் வெவ்வேறு கோணத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது இதனால்தான் அவசியமாகிறது.

இனி, பல்பு மாற்றியவர்களை அதிகம் துன்புறுத்தும் விஷயத்துக்கு வருவோம். புதுப் பல்பு பொருத்திய அன்றே இண்டிகேட்டர் இரு மடங்கு வேகத்தில் படபடவென்று துடிக்கத் தொடங்கும். பல்பு பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோரும் உண்டு. பல்பின்மேல் குற்றமில்லை. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டுக்கு மூன்றரை ஆம்பியர். இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் மின்னணு ரிலே இந்த ஓட்டத்தைச் சதா அளந்துகொண்டிருந்து, அது குறைந்தால் ஒரு பல்பு போய்விட்டதென்று நிச்சயித்து, ஓட்டுநருக்கு எச்சரிக்கையாக வேகத்தைக் கூட்டுகிறது. ஆம்பியரில் ஒரு சிறு பின்னமே உண்ணும் எல்.இ.டி., உயிரோடு எரிந்துகொண்டிருந்தும் ரிலேயின் கணக்கில் செத்த பல்பாகிவிடுகிறது. இன்னும் பழைய, உஷ்ணத்தால் வளையும் தகடு வைத்த ரிலேயில், தகட்டைச் சூடாக்கவே அந்த மின்சாரம் போதாமல், இண்டிகேட்டர் சிமிட்டவே மறுக்கும். நாம் வீண் என்று இகழும் பழைய பல்பின் மின்செலவுதான், அது உயிரோடிருக்கும் செய்தியைக் காருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்குக் கடைவீதி தரும் பரிகாரங்களில் மலிவானது, ஒவ்வொரு பல்புக்கும் இணையாக ஆறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டுவது. அது தானே இரண்டு ஆம்பியரை இழுத்து, 24 வாட்டை வெறும் சூடாக மாற்றுகிறது, எல்.இ.டி.யால் மிச்சமானதெல்லாம் அங்கே எரிந்துபோகிறது. பஸ்ஸில் காலி இருக்கையின்மேல் துண்டைப் போட்டுவைப்பதைப் போன்றது இது: எல்.இ.டி. அணைந்தபின்னும் ரெசிஸ்டர் ஆளிருப்பதாகக் காருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அதனைப் பிளாஸ்டிக்கிலோ ஒயரிலோ சாய்த்துக் கட்டினால் உருக்கிவிடும். இரும்புத் தகட்டில் திருகிப் பொருத்தியாக வேண்டும். 'கேன்பஸ்' என்ற பெயரில் வரும் பல்புகளில் பல, இதே ரெசிஸ்டரைத் தம் வயிற்றிலேயே அடக்கியவை. உஷ்ணம் ஏற ஏற மஞ்சள் சில்லின் ஒளி மங்கும் என்பதை நினைத்தால், அடுப்பை அதன் பக்கத்திலேயே மூட்டிய இந்தச் சாமர்த்தியத்தை என்னால் மெச்ச முடியவில்லை.

தனி ரிலே உள்ள காரானால், எல்.இ.டி.க்கென்று செய்த ரிலேயை மாற்றுவதே நேரான வழி; இரண்டு கால் ரிலேயா, மூன்று கால் ரிலேயா என்று பார்த்து வாங்கவேண்டும். ஆனால் அவற்றிலும் பெரும்பாலானவை மின்னோட்டத்தை அளப்பதில்லையாதலால், பல்பு போனால் அறிவிக்கமாட்டா. மாதம் ஒருமுறையாவது இறங்கிச் சுற்றிவந்து பார்ப்பது நம் பொறுப்பாகிவிடும். புதிய கார்களில் தனி ரிலேயே கிடையாது, கணினிதான் சிமிட்டுகிறது. அத்தகைய காரில், நாளில் சில நிமிஷம் எரியும் விளக்குக்காக ஒயரை அறுத்து ரெசிஸ்டர் கட்டுவதைவிட, நல்லதொரு மஞ்சள் இழை பல்பைப் போட்டு விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எல்.இ.டி. போட்ட கணத்திலேயே முழு ஒளி பெறும், இழைக்கோ சூடேற ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி ஆகும் என்பது மெய்தான். அவ்வேகம் பிரேக் விளக்கில் பெறும் மதிப்பை இண்டிகேட்டரில் பெறாது.

வாங்கியேதான் தீருவது என்றால், முதலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றி, மறுபக்கம் பழையதை விட்டுவைத்து, உச்சிவெயிலில் ஹசார்டைப் போட்டுவிட்டு முப்பது அடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். நேரே பார்த்தது போதாது, இரு பக்கமும் நன்றாக விலகிச் சாய்வாகவும் பார்க்கவேண்டும். கடிகாரத்தை வைத்து எண்ணினால், நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் சிமிட்ட வேண்டுமென்பது நமது மோட்டார் வாகன விதி. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்து, சாய்விலோ சூட்டிலோ புதியது பழையதைவிட மங்கித் தெரிந்தால், அதைப் பில்லோடு கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.