சதுரகிரிக்குப் பெண்கள் படையோடு!

ராஜபாளையத்தில் மாடியில் வற்றல் காயப்போட ஏறினாலே மேற்கே மலை தெரியும். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று மாம்பழக் காலத்தில் நாம் ஆசையாய் வாங்குவதெல்லாம் அந்த அடிவாரத் தோப்புகளில் விளைவதுதான். தினம் பார்க்கிற மலைதானே என்று இருந்துவிடுகிறோம். ஏறிப் பார்க்க வேண்டாமா? எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நான் ஏழெட்டுத் தடவை சதுரகிரிக்குப் போய்விட்டேன். "ஆம்பளைத் துணை இல்லாமலா?" என்று கேட்டவர்கள் இப்போது தங்கள் வீட்டுப் பெண்களையும் என்னோடு அனுப்புகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகப் போனால் தாணிப்பாறை அடிவாரம். அங்கிருந்து சுந்தர மகாலிங்கம் சந்நிதிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், கல்லும் மேடுமான பாதை. ஏற நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும். எப்போது ஏறலாம் என்பது வனத்துறையின் கையில். மழை என்றால் தடை போட்டுவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 1988-ல் சாம்பல் நிற மலை அணில்களுக்காகச் சரணாலயமான காடு இது. 2021-லிருந்து புலிகள் காப்பகமும்கூட. பிளாஸ்டிக் பை வேண்டாம். புளியோதரையை வாழையிலையில் கட்டி, துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் படையில் முட்டிவலிக்காரர்தான் முன்னால் நடப்பார். அவர் நடைதான் எல்லோருக்கும் நடை. கடைசி ஆள் நான். இளசுகளை முன்னே விட்டால், பின்னால் வருகிற பெரியம்மா மூச்சு வாங்குவது யாருக்குத் தெரியும்? நெஞ்சு அடைப்பது போல, தலை சுற்றுவது போல இருந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிடுவேன். இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வரவே கூடாது.

இன்னொன்று, வெட்கப்படாமல் எழுதுகிறேன். வழியில் ஒதுங்க இடமிருக்காதே என்று நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் வியர்த்துக்கொட்டும்போது இது ஆபத்து. தலைவலி, மயக்கம் வரும். அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வேறு. நாலு பேர் சேலையைத் திரையாகப் பிடித்தால் தீர்கிற சங்கடம்தானே! ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலந்து ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்வேன். கோயிலுக்கென்று மாதவிலக்கைத் தள்ளிப்போட, பக்கத்து வீட்டில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். அடுத்த தடவை வந்தால் போகிறது.

எனக்கு உண்மையில் பயம் ஓடைகள்தான். கீழே சுள்ளென்று வெயிலடிக்கும். மேலே மலையில் பெய்த மழை சற்று நேரத்தில் வெள்ளமாய் வந்துவிடும். 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்த பக்தர்கள் சிலர் இப்படித்தான் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். மாங்கனி ஓடையைப் பாதம் நனையத் தாண்டியவர்கள் திரும்பும்போதும் அப்படியே தாண்டலாம் என்று நம்பக் கூடாது.

போன தடவை பதினோரு பேர். கோரக்கர் குகையைத் தாண்டி, இரட்டை லிங்கத்தை நெருங்கும்போது மேற்கே கறுத்துவிட்டது. "இறங்கலாம்" என்றேன். ஒரு மதினிக்குக் கோபம். "இவ்வளவு தூரம் ஏறிட்டு சாமியப் பார்க்காமலா? மகாலிங்கம் கைவிட்டுருவாரா?" மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வந்தவர் அவர். எனக்கும் தொண்டை அடைத்தது. "மதினி, பதினோரு வீட்ல பிள்ளைக காத்திருக்கு" என்று மட்டும் சொல்லி, அங்கேயே சூடம் ஏற்றினோம். தாணிப்பாறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மதினி பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போது மட்டும் எனக்கும் சேர்த்துக் கால் கிலோ கட்டச் சொன்னார்.

இறக்கத்தில்தான் முட்டிக்கு வேலை அதிகம். கையில் ஒரு கம்பு வேண்டும். முந்தின நாளே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துப் போகும். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால்களை வையுங்கள். மறுநாள் சமையலை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.