நிலவைக் கடந்தது எது?

கல்வராயன் மலையில் தொலைநோக்கி வழியே உச்சி நிலவைப் பார்க்கையில், கரும்புள்ளி ஒன்று அரை நொடியில் கடந்து போகலாம். வேகத்தை மட்டும் வைத்து அது விண்கலம் என்று முடிவுகட்டக் கூடாது. 1 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பறவை, 10 கிலோமீட்டரில் செல்லும் விமானம், 400 கிலோமீட்டரில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஆகிய மூன்றும் நிலவைக் கடக்க ஏறக்குறைய அதே நேரமே எடுக்கும். உருவம்தான் சான்று: சிறகு அசைந்தால் பறவை, நிலவில் பாதியை நெருங்கும் அளவென்றால் விமானம், முப்பதில் ஒரு பங்காகச் சிறுத்து, சூரியத் தகடுகள் தெரிந்தால் விண்வெளி நிலையம். நிலவருகே பறந்த பொருளாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அப்படியானால் அது கள்ளக்குறிச்சியிலும் வெள்ளிமலையிலும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கும். விண்வெளி நிலையம் கடப்பதோ சில கிலோமீட்டர் அகலப் பாதையில் மட்டுமே தெரியும். எனவே நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஊர் நண்பரிடமும் கேளுங்கள்.